ஒரு சர்வர் டிஸ்க் மாற்றமும் ‘ஐடி ஆட்களுக்கு என்ன வேலை’ என்ற கேள்வியும்

மதுரையிலிருந்து திருமங்கலம் செல்லும் வழியில் உள்ள கப்பலூர் தொழிற்பேட்டையில், அட்டைப் பெட்டிகள் தயாரிக்கும் ஒரு நடுத்தர நிறுவனத்தின் கணினிப் பிரிவில் பணியாற்றுகிறேன். பிரிவு என்று சொன்னாலும் நானும் இளைஞர் ஒருவரும் ஆக இரண்டே பேர். எழுபது சொச்சம் கணினிகள், ஒரு சர்வர், டெஸ்பாட்ச் பகுதியின் பார்கோடு பிரிண்டர்கள், கண்காணிப்புக் கேமராக்கள், வாயிலில் உள்ள விரல்ரேகை வருகைப்பதிவுக் கருவி, இவற்றில் முக்கியமானவற்றுக்கு மின்சாரம் தடைபடாமல் கொடுக்கும் யுபிஎஸ் வரை அனைத்தும் எங்கள் பொறுப்பு. அந்தச் சர்வரில் ஒரு ஹார்டு டிஸ்க் பழுதாகி, அதை மாற்றிய வேலையைத்தான் இங்கே பதிவு செய்கிறேன். எங்கள் தொழிலில் இது பெரிய வேலை அன்று. ஆனால், எங்களைப் பற்றி உடன் பணியாற்றுவோர் கொண்டிருக்கும் எண்ணங்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரு வேலையின்போது வெளிப்பட்டன.

“ஏசி ரூம்ல உக்காந்திருக்கிற வேலை”, “எதுக்கெடுத்தாலும் ரீஸ்டார்ட் பண்ணச் சொல்றாங்க”, “அஞ்சு நிமிஷ வேலைக்கு அரை நாள் ஆக்குறாங்க” என்பவை நாங்கள் அடிக்கடி கேட்கும் பேச்சுகள். சொல்கிறவர்கள் பகையோடு சொல்வதில்லை. தங்கள் கண்ணில் படுவதை வைத்துச் சொல்கிறார்கள். கண்ணில் படாதது எவ்வளவு என்பதை அவர்களுக்குக் காட்டுவதும் எங்கள் வேலையின் ஒரு பகுதி என்று நான் நம்புகிறேன்.

எங்கள் சர்வரில் 4 டெராபைட் டிஸ்க்குகள் நான்கு, பல டிஸ்க்குகளை ஒன்றுபோல் இயங்கவைக்கும் ரெய்டு 5 முறையில் இணைக்கப்பட்டுள்ளன. நான்கில் ஒரு டிஸ்க்கின் அளவு இடம், இழந்த தகவலைத் திரும்பக் கணக்கிட உதவும் பாரிட்டிக்குப் போய்விட, மீதி 12 டெராபைட் பயன்பாட்டுக்குக் கிடைக்கிறது. எந்த ஒரு டிஸ்க் போனாலும் மற்ற மூன்றையும் கொண்டு அதில் இருந்ததை மீட்டுவிடலாம். மாற்றி முடிப்பதற்குள் இரண்டாவதும் போய்விட்டால் ஒன்றும் மிஞ்சாது. டேலி என்னும் கணக்கு மென்பொருளில் உள்ள கணக்குகள், சரக்கிருப்பு மென்பொருள், பெட்டி வடிவமைப்புக் கோப்புகள் எல்லாம் இதில்தான் இருக்கின்றன.

வழக்கமான காலைச் சோதனையின்போது மூன்றாவது டிஸ்க்கின் விளக்கு ஆரஞ்சு நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிவு செய்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையை எடுத்துப் பார்த்தோம். கெட்டுப்போன இடங்களுக்கு மாற்று இடம் ஒதுக்கப்பட்ட எண்ணிக்கையைக் காட்டும் 5ஆம் வரிசை, முந்தைய வாரம் எழுதிவைத்த அளவைவிடத் தெளிவாக உயர்ந்திருந்தது. வாசிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் இடங்களைக் காட்டும் 197ஆம் வரிசையும் பூஜ்ஜியத்தை விட்டு நகர்ந்திருந்தது. டிஸ்க் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அலுவலகத்தில் யாருக்கும் எந்த வேறுபாடும் தெரியவில்லை. பில் போட்டார்கள், லாரிகள் கிளம்பின.

புதிய டிஸ்க்கை உடனே வாங்கி மாட்டிவிட்டால் தீர்ந்தது என்றுதான் எவருக்கும் தோன்றும். கொள்முதல் பிரிவில் இருப்பவர், டிஸ்க் வந்து சேர்ந்த அன்று மாலையே, “பொருள் வந்துருச்சே தம்பி, இன்னும் ஏன் மாட்டாம வச்சிருக்கீங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கான விடை கொஞ்சம் நீளமானது. புதிய டிஸ்க்கை மாட்டியதும் தொடங்கும் ரீபில்டு என்னும் மறுகட்டுமானத்தில், மீதமுள்ள மூன்று டிஸ்க்குகளும் முதல் ஓரத்திலிருந்து கடைசி ஓரம் வரை வாசிக்கப்பட்டாக வேண்டும். அதாவது 12 டெராபைட். இந்த வகை டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர்கள் தரும் விவரக்குறிப்பில், மீட்க முடியாத வாசிப்புப் பிழை 1-க்குப் பின் பதினான்கு பூஜ்ஜியங்கள் போட்ட அளவு பிட்டுகளுக்கு ஒன்றுக்குள் இருக்கும் என்று அச்சிட்டிருப்பார்கள். அதை டெராபைட்டில் சொன்னால் 12.5. நடைமுறையில் டிஸ்க்குகள் இந்தக் கணக்கைவிட நன்றாகவே உழைக்கின்றன என்றாலும், வாசிக்க வேண்டிய அளவும் தயாரிப்பாளர் பொறுப்பேற்கும் அளவும் இவ்வளவு நெருங்கி நிற்கும்போது, அதுவும் நான்கு டிஸ்க்குகளும் ஒரே நாளில் வாங்கப்பட்டு ஒரே வெப்பத்தில் ஒரே அளவு உழைத்தவையாக இருக்கும்போது, ஆயத்தம் இல்லாமல் பழைய டிஸ்க்கை உருவுவது பொறுப்பான செயல் ஆகாது.

புதிய டிஸ்க்கைப் பற்றியும் ஒரு குறிப்பு. டவுன்ஹால் சாலையில் விலை குறைவாகக் கிடைத்த ஒன்றை வேண்டாம் என்று விட்டு, வேறொன்றை வரவழைத்தோம். காரணம், விலை குறைந்தது தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஓரளவு படியுமாறு எழுதும் எஸ்எம்ஆர் வகை. தொடர்ந்து எழுதவேண்டிய ரீபில்டு வேலையில் அவ்வகை டிஸ்க்குகள் திணறி, மற்ற வகையைவிடப் பல மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளக்கூடும். வந்த டிஸ்க்கையும் தனியாக ஒரு கணினியில் மாட்டி, முழுப் பரப்பையும் எழுதி வாசித்துச் சோதித்த பிறகே சர்வருக்கு எடுத்துச் சென்றோம். கொள்முதல் பிரிவினர் ‘மாட்டாமல் வைத்திருப்பதாக’ நினைத்த இரவு முழுவதும் அந்தச் சோதனைதான் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்தது பேக்கப், அதாவது தகவலின் மாற்று நகல். இரவுதோறும் அது தானாக ஓடிவிடுகிறது. ஆனால், ஓடி முடிந்ததாக வரும் செய்தியை நம்பி ஒரு டிஸ்க்கை உருவ முடியாது. எடுத்துவைத்தது திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். உபரியாக இருந்த ஒரு கணினியில் டேலியை நிறுவி, பேக்கப்பிலிருந்து நிறுவனக் கணக்கை மீட்டு, கணக்குப் பிரிவின் மூத்தவரான அக்காவை அழைத்துத் திரையின் முன் உட்கார வைத்தோம். அவர் தம் கணினியிலிருந்து முந்தைய நாளின் இருப்பாய்வை (டிரையல் பேலன்ஸ்) அச்செடுத்து வந்திருந்தார். பென்சிலால் ஒவ்வொரு தலைப்பாக டிக் அடித்துக்கொண்டே போனவர், வங்கி இருப்பில் கொஞ்சம் நின்று, பைசா வரை பார்த்துவிட்டு, கடைசி விற்பனை பில்லைத் திறந்து எண்ணையும் வண்டி எண்ணையும் ஒப்பிட்டார். எல்லாம் சரியாக இருந்தது. “பேக்கப் தானா ஓடிக்கிட்டுத்தானே இருக்கு, இதையெல்லாமா பாக்குறீங்க?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் குறை சொல்லும் தொனி இல்லை, உண்மையான வியப்புதான் இருந்தது. ஆண்டுக்கணக்காக அவருடைய கணக்குகளை நாங்கள் காத்துவருகிறோம். அது எப்படி நடக்கிறது என்பதை அவர் பார்ப்பதற்கு அதுவரை ஒரு வாய்ப்பும் ஏற்பட்டதில்லை.

ரீபில்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதைக் கணக்குப் போட்டு வைத்துக்கொள்வது நல்லது. வினாடிக்கு 100 மெகாபைட் வேகம் என்று வைத்துக்கொண்டால், 4 டெராபைட் டிஸ்க்கை நிரப்ப 40,000 வினாடிகள், அதாவது ஏறத்தாழ 11 மணி நேரம். நடுவில் அலுவலகம் சர்வரைப் பயன்படுத்தினால் இன்னும் நீளும். ஆகவே ஞாயிறு விடுமுறையை ஒட்டி, சனிக்கிழமை மாலை கடைசி லாரிக்கு பில் போட்ட பிறகு தொடங்குவது என்று முடிவு செய்தோம். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று எங்கள் பகுதிக்கு இல்லை என்பதையும் செய்தித்தாள் அறிவிப்பில் பார்த்துக்கொண்டோம். அறிவிப்பில்லாமலும் மின்சாரம் போகும். ஜெனரேட்டர் எழுந்து சுமையை ஏற்கும்வரை யுபிஎஸ் தாங்க வேண்டும்.

இங்கேதான் வேலை விரிந்தது. யுபிஎஸ்ஸுக்கு 12 வோல்ட் பேட்டரிகள் எட்டு, தொடராக இணைத்து 96 வோல்ட். மின் இணைப்பைத் துண்டித்து, சுமையோடு ஓடவிட்டு, ஒவ்வொரு பேட்டரியின் முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது ஏழு பேட்டரிகள் 12 வோல்ட்டை ஒட்டி நின்றன. ஒன்று மட்டும் சில நிமிடங்களில் 11-க்குக் கீழே இறங்கி, முழுவதும் வற்றிய நிலையான 10.5-ஐ நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. தொடர் இணைப்பில் ஒன்று தளர்ந்தால் மொத்த வரிசையும் தளரும். அந்த ஒன்றை மட்டும் மாற்றிச் சிக்கனம் பிடிப்பதும் தவறான வழி. பழைய ஏழின் நடுவே புதியது ஒன்று நின்றால், சார்ஜ் சமமாகப் பிரியாமல் புதியதும் விரைவில் கெடும். எனவே எட்டையும் மாற்றினோம்.

எங்கள் யுபிஎஸ் பேட்டரிகள் ஏசி அறையில் இல்லை. மாடிப்படிக்கு அடியில், காற்றோட்டம் குறைந்த ஒரு தடுப்பில் இருக்கின்றன. ஏசி எங்களுக்காக என்று எண்ணுகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்: சர்வர் அறைகளுக்குப் பரிந்துரைக்கப்படும் வெப்பநிலை 18 முதல் 27 டிகிரி செல்சியஸ், அது இயந்திரத்தின் தேவை. ஈயமும் அமிலமும் கொண்ட இவ்வகை பேட்டரியின் ஆயுளோ 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு எட்டு, பத்து டிகிரி உயர்வுக்கும் ஏறத்தாழ பாதியாகிறது. மதுரைக் கோடையில் பகல் வெயில் 40-ஐத் தொடுகிற நாட்களில் மாடிப்படி அடியில் என்ன நிலை இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. விவரக்குறிப்பில் உள்ள ஆண்டுகளை இந்த ஊரில் எதிர்பார்க்க முடியாது.

பேட்டரி ஒவ்வொன்றும் எட்டு, ஒன்பது கிலோ எடை. இறக்கி, ஏற்றி, குனிந்து உள்ளே தள்ளி, இணைப்புக் கம்பிகளைப் பூட்ட வேண்டும். முதலில் டிசி பிரேக்கரை அணைத்துவிட்டு, மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவைத்து, ஸ்பேனரின் பிடி முழுவதும் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டோம். 96 வோல்ட் டிசியில் ஸ்பேனர் இரண்டு முனைகளுக்கு நடுவே விழுந்தால் உருகித் தெறிக்கும். சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும் எங்கே போகின்றன என்று கழற்றுவதற்கு முன்பே படம் எடுத்து வைத்திருந்தோம். எல்லாம் பூட்டி, வரிசையின் இரு கடை முனைகளிலும் அளவெடுத்து, முனைமாற்றம் இல்லை என்று உறுதி செய்த பிறகே பிரேக்கரைப் போட்டோம். சார்ஜ் ஏறி நிலைத்தபின் மொத்தம் 109 வோல்ட்டை ஒட்டி நின்றது. ஒரு பேட்டரிக்கு 13.6 என்றால், அது முழுச் சார்ஜில் நிறுத்திவைக்கும் சரியான மிதவை அளவு. பழையவற்றைக் கடைக்காரரிடமே ஒப்படைத்தோம். ஈயமும் அமிலமும் உள்ள பொருள். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும் அவை முறையான மறுசுழற்சிக்குப் போகவேண்டும் என்கின்றன. சட்டை முழுக்கத் தூசியும் வியர்வையுமாக நாங்கள் மாடிப்படி அடியிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்த உற்பத்திப் பிரிவு நண்பர் ஒருவர், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடாமல் நாங்களே செய்கிறோமா என்று கேட்டார். சிறிய நிறுவனங்களில் ஐடி என்பது பெரும்பாலும் இதையும் சேர்த்துத்தான்.

சனிக்கிழமை மாலை டிஸ்க்கை உருவும் நேரம். ஓடும் சர்வரிலேயே மாற்றலாம் என்றாலும், பழுதானதைச் சேவையிலிருந்து விலக்கிய பிறகு தவறிப்போய்ப் பக்கத்தில் உள்ள நல்ல டிஸ்க்கை உருவிவிட்டால் அந்தக் கணமே சர்வர் நின்றுவிடும், தகவலும் போய்விடக்கூடும். டிஸ்க்குகளை இயக்கும் கன்ட்ரோலர் அவற்றை 0 முதல் எண்ணுகிறது. பெட்டியின் முன்பக்க ஸ்டிக்கர் 1 முதல் எண்ணுகிறது. ஆகவே எண்ணை நம்புவதில்லை. மென்பொருளில் இருந்து அந்த டிஸ்க்கின் விளக்கை மட்டும் சிமிட்டவைத்து, இளைஞர் திரையில் தெரியும் டிஸ்க்கின் சீரியல் நம்பரை எழுத்து எழுத்தாக வாசிக்க, வாங்கியபோது குறித்துவைத்த பட்டியலோடு நான் ஒப்பிட்டேன். பிறகு மென்பொருளிலேயே அதைச் சேவையிலிருந்து விலக்கி, தட்டை அரை அங்குலம் மட்டும் இழுத்து, உள்ளே சுழற்சி நிற்கும்வரை பொறுத்திருந்து, முழுவதும் வெளியே எடுத்தோம். புதியதைத் தள்ளிப் பூட்டியதும் விளக்கு பச்சையில் சிமிட்டத் தொடங்கியது. திரையில் ரீபில்டு 0 விழுக்காடு.

அதன்பின் செய்தது, வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு, உட்கார்ந்திருப்பது மட்டும்தான். அரை மணிக்கு ஒருமுறை விழுக்காட்டையும், மற்ற மூன்று டிஸ்க்குகளின் பிழை எண்ணிக்கையையும், வெப்பத்தையும், யுபிஎஸ் அளவையும் நோட்டில் குறித்தோம். மூன்றில் எதிலாவது பிழை எண்ணிக்கை அசைந்தால், தொடர்வதா, நிறுத்திவிட்டு அன்று கடைசியாகத் திருத்தப்பட்ட கோப்புகளை முதலில் நகலெடுப்பதா, பேக்கப்பிலிருந்து மாற்றுக் கணினியை எழுப்பும் வேலையைத் தொடங்குவதா என்பதை அந்த இடத்திலேயே முடிவு செய்ய வேண்டும். காலையில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுப் போகக்கூடிய வேலை அன்று. இரவை இருவரும் பங்கிட்டுக்கொண்டோம்.

ஞாயிறு காலை கணக்கு அக்கா வந்தார். 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர் 1 என்னும் விற்பனை விவர அறிக்கையைப் போட வேண்டியிருந்ததால் பில்களைச் சரிபார்க்க வந்திருந்தார். 90-ஐத் தாண்டிய விழுக்காட்டின் முன் நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, முதலில் சிரித்தார். பிறகு நோட்டை வாங்கி, அரை மணிக்கொரு வரியாக இரவு முழுவதும் ஓடிய பதிவைப் புரட்டினார். அவருடைய ஊர் மேலூர் பக்கம். “எங்கப்பா முறைத்தண்ணிக்கு ராத்திரியெல்லாம் மடையில உக்காந்திருப்பாரு. ஊருக்குள்ள சும்மா உக்காந்திருக்காருன்னுதான் தெரியும். கண்ணசந்தா அடுத்த வயலுக்குத் தண்ணி போயிரும்” என்றார். இந்த வேலையை நான் விளக்கியிருந்தால்கூட இவ்வளவு சரியாக விளக்கியிருக்க மாட்டேன். முற்பகலில் ரீபில்டு முடிந்தது. முரண்பாடு ஏதும் உள்ளதா என்று பார்க்கும் சோதனையை ஓடவிட்டு, அவர் பில்களைத் திறந்து பார்த்து, சரி என்ற பிறகு வீட்டுக்குப் போனோம்.

திங்கட்கிழமை அலுவலகம் வழக்கம்போல் இயங்கியது. எங்கள் வேலை நன்றாக நடந்ததற்கு அதுவே அடையாளம். யாருக்கும் அது தெரியாமல் போவதற்கும் அதுவே காரணம். உலக அளவில் இதற்குப் பெரிய சான்று 2000ஆம் ஆண்டுச் சிக்கல். ஆண்டை இரண்டு இலக்கத்தில் சேமித்துவந்ததால் 2000-ஐ 1900 என்று குழப்பிக்கொள்ளக்கூடிய நிரல்களை, இந்திய நிரலாளர்கள் பலர் உட்பட எத்தனையோ பேர் ஆண்டுக்கணக்கில் வரிவரியாகத் தேடித் திருத்தினார்கள். 2000 ஜனவரி 1 அன்று பெரிதாக எதுவும் நடக்கவில்லை. உடனே, வீண் பயம் காட்டிவிட்டார்கள் என்ற பேச்சு கிளம்பியது. இன்றும் அப்படி நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். இதன் மறுபக்கத்தை 2024 ஜூலை 19 அன்று பார்த்தோம். கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தவறான புதுப்பிப்பால் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன; இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். திருத்தப்பட்ட கோப்பு சில மணி நேரத்திலேயே வந்துவிட்டது. ஆனால், எழவே முடியாத கணினிக்கு அது போய்ச் சேராது. பெரும்பாலானவற்றுக்கு யாராவது ஒருவர் நேரில் போய், அடிப்படை நிரல்களோடு மட்டும் இயங்கும் சேஃப் மோடில் எழுப்பி, தவறான கோப்பை நீக்க வேண்டியிருந்தது. டிஸ்க் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நீண்ட மீட்பு எண்ணைத் தட்ட வேண்டியிருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு பட்டனைத் தட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுகிறவர்கள் அந்த நாளை நினைத்துப் பார்க்கலாம்.

‘அஞ்சு நிமிஷ வேலை’ என்ற எண்ணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் எங்களை அதிகம் வருத்துவது அதுதான். அடுத்த வாரமே டெஸ்பாட்ச் பகுதியில் நெட்வொர்க் மொத்தமாக நின்றது. கணினிகளின் கேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச்சின் விளக்குகள் அனைத்தும் ஒரே சீராக வெறித்தனமாகச் சிமிட்டின. அது எங்கோ ஒரு வளையம் உருவாகியிருப்பதன் அறிகுறி. இந்தக் கேபிள்களில் போகும் தகவல் பொட்டலமான ஈதர்நெட் சட்டகத்துக்கு ஆயுள் வரம்பு கிடையாது. வளையத்துக்குள் புகுந்த ஒரு பொது அறிவிப்புச் சட்டகம், சுற்றிச் சுற்றிப் பெருகி இணைப்பு முழுவதையும் அடைத்துவிடும். இதைத் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ நெறிமுறையை ரேடியா பெர்ல்மன் 1985-இலேயே வகுத்துக் கொடுத்துவிட்டார். ஆனால், மேசைக்கடியில் கிடக்கும் விலை குறைந்த ஐந்து துளை ஸ்விட்ச்சுகளில் பொதுவாக அது இருப்பதில்லை. மையத்திலிருந்து ஒவ்வொரு கேபிளாகக் கழற்றி, எதைக் கழற்றினால் அமைதியாகிறது என்று பார்த்து, அந்தக் கேபிள் போகும் வழியைப் பற்றிக்கொண்டு நடந்து, அட்டைக் கட்டுகளை நகர்த்தி, கடைசியில் ஒரு பேக்கிங் மேசைக்கடியில் கண்டுபிடித்தோம்: தொங்கிக்கொண்டிருந்த கேபிள் முனையை யாரோ நல்லெண்ணத்தோடு அதே ஸ்விட்ச்சின் காலித் துளையில் செருகியிருந்தார்கள். உருவியதும் எல்லாம் ஓடியது. பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் அண்ணன், “இவ்வளவுதானா தம்பி?” என்றார். அவர் பார்த்தது அந்தக் கடைசி நொடியை மட்டுமே. அவரை உட்காரவைத்து, எந்தெந்தக் கேபிளை ஏன் கழற்றினோம் என்று ஒரு அட்டையில் படம் போட்டுக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டவர், தம் பகுதியில் உள்ள எல்லாக் கேபிள் முனைகளிலும் பெயர் எழுதி ஒட்டுவதற்கு ஆள் கொடுத்தார்.

எங்கள் துறையினர் பழுது நீங்கியதும் “சரியாயிருச்சு” என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். அது அடக்கம் என்று கருதப்படுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சொல்லாதவற்றை மற்றவர்கள் தாமாக அறிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது அவர்களுக்கும் நியாயமில்லை. ஆகவே ஒரு பதிவேடு தொடங்கியிருக்கிறோம். பழுது தெரிந்த நேரம், காரணம் கண்டுபிடித்த நேரம், சரிசெய்த நேரம் ஆகியவை மூன்றும் தனித்தனிக் கட்டங்களில் இருக்கும். கண்டுபிடிக்க ஆன நேரத்தைத் தனியாக எழுதுவதுதான் இதில் முக்கியம். எந்தப் பிரிவின் எந்த வேலை பாதிக்கப்பட்டது அல்லது பாதிக்கப்பட இருந்தது என்பதற்கு ஒரு கட்டம் உண்டு. அதை அந்தப் பிரிவினரின் சொற்களிலேயே எழுதுகிறோம். “டிஸ்க் 2 மாற்றம்” என்று எழுதினால் எவருக்கும் விளங்காது, “டேலி, ஸ்டாக், வடிவமைப்புக் கோப்புகள், அலுவலக நேரத்தில் நிறுத்தம் இல்லை” என்று எழுதினால் விளங்கும். நடந்திருக்கக்கூடிய இழப்பை ரூபாயில் ஊதிக் காட்டுவதில்லை. ஒருமுறை அப்படிச் செய்தால் பதிவேட்டின் மேல் உள்ள நம்பிக்கையே போய்விடும். விடுமுறை நாளிலும் இரவிலும் செய்தவை வேறு நிறத்தில் இருக்கும். மாதந்தோறும் பிரிவுத் தலைவர்கள் கூட்டத்தில் ஒரு பக்கம் வாசிக்கப்படுகிறது.

பேக்கப் மீட்புச் சோதனையை இனி ஒவ்வொரு மாதமும் கணக்குப் பிரிவினரின் முன்னிலையிலேயே நடத்துகிறோம். கணக்கு தெரிந்த கண் பார்க்கும்போது சோதனையும் தரமாகிறது. வளையத்தைத் தானே தடுக்கும் ஸ்விட்ச் ஒன்றை டெஸ்பாட்ச் பகுதிக்கு வாங்க ஒப்புதல் கிடைத்துவிட்டது. அதற்கான கோரிக்கையில் சூப்பர்வைசர் அண்ணனும் கையெழுத்திட்டிருந்தார். மீதமுள்ள மூன்று பழைய டிஸ்க்குகளையும் மாற்றி, இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு 6 முறைக்கு மாறுவது அடுத்த வேலை. நான்கு டிஸ்க்கில் அதற்குக் கிடைப்பது 8 டெராபைட். இப்போது பயன்பாட்டில் இருப்பதற்கு அது போதும். முழுத் தகவலையும் வெளியே எடுத்து மீண்டும் ஏற்ற வேண்டியிருப்பதால், கள்ளழகர் வைகையில் எழுந்தருளும் நாளின் உள்ளூர் விடுமுறையை ஒட்டி வைத்துக்கொள்ளலாம் என்று மேலாளர் சொல்லியிருக்கிறார். மீட்டபின் கணக்குகளைச் சரிபார்க்க அன்று மாலை வருவதாக அக்கா தம் பெயரையும் பதிவேட்டில் எழுதியிருக்கிறார்.